நிபுணரின் பிரேக் லைட்

என் அக்கா கணவரை எங்கள் குடும்பத்தில் நிபுணர் என்றுதான் சொல்வோம். அந்தப் பெயரை வைத்தவள் நான். கேலியாகத்தான் வைத்தேன். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு ஒருமுறை போன் செய்து, "நிபுணர் பேசறேன்னு சொல்லுங்க, அவங்களுக்குத் தெரியும்" என்றிருக்கிறார். எடுத்தவள் ஏதோ பெரிய டாக்டர் என்று நினைத்து என்னை ஓடி வரச் சொன்னாள். அவர் கேட்டது, வீட்டில் ஸ்க்ரூ டிரைவரை நான் எங்காவது பார்த்தேனா என்று.

அவர் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். வருகிற சரக்கை எண்ணி உள்ளே வைக்க வேண்டும், கேட்கிற சரக்கை எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலையில் சேர்ந்த நாற்காலியிலேயே ஓய்வு பெற்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் மேலே போனார்கள். "ரெண்டு தடவ கூப்பிட்டாங்க, நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்று வீட்டில் சொல்வார். யார் கூப்பிட்டார்கள், எதற்கு வேண்டாம் என்றார் என்று கேட்டால், "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்பார். எனக்குப் புரிந்துதான் இருந்தது.

தொழிற்சாலையில் யாரும் அவர் பேச்சைக் கேட்காததால் வீட்டிலிருந்த பொருள்களெல்லாம் கேட்க வேண்டியதாயிற்று. இஸ்திரிப் பெட்டி ஒரு தடவை ஷாக் அடித்தது. அவர் அதைப் பிரித்தார், மூடினார், மறுபடி மேசை மேல் வைத்தார். மறுபடியும் அடித்தது. கடைசியில் மேசைக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வந்து சேர்ந்தது. இஸ்திரி போடுகிறவர் அதை மாட்டிக்கொண்டுதான் போட வேண்டும். அக்கா பல வருஷம் அப்படித்தான் போட்டாள். விருந்தாளி யாராவது சட்டையைத் தேய்க்கப் போனால், "செருப்பு, செருப்பு" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். அதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. அந்த நாளில் எனக்கு அவள் மேலும் கோபம்தான். நான் அவர்கள் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்ததால் இதெல்லாம் தினமும் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். ஊருக்கு நடுவிலிருந்த பொது நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிப் பயத்தைப் போக்கி நீந்த வைப்பாள். காலையில் ஸ்கூட்டரில் போனால் தலைமுடி ஈரத்தோடு மத்தியானம் திரும்புவாள். அப்பாவைப் போலப் பேசமாட்டாள். பேசாமல் செய்துவிட்டுப் போகிற ரகம். அவரிடமிருந்து இப்படி ஒரு பிள்ளை எப்படி வந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஓய்வு பெற்றதும் நிபுணர் ஒரு கார் வாங்கினார். கரும்பச்சை நிறம். ஏற்கெனவே பலர் ஓட்டிக் கை மாறிய வண்டி. உட்கார்ந்தால் ஸ்பிரிங் முதுகைத் தடவும். ஆனால் அந்தக் காலத்தில் அது பெரிய மனிதர்கள் வைத்திருந்த வண்டி என்பதால் அவருக்கு அதில் ஒரு மயக்கம். "இந்த மாடல்ல எல்லாத்துக்கும் வார்னிங் லைட் உண்டு. கதவு சரியா மூடலன்னா சொல்லும். பல்பு போனா சொல்லும். இப்ப வர்ற வண்டியெல்லாம் வெறும் தகரம்" என்று வாசலில் போகிறவர்களை நிறுத்திச் சொல்வார். பின்னால் எரிகிற விளக்குகள் அந்த வண்டியில் டிக்கியின் மூடியிலேயே பொருத்தப்பட்டிருந்தன. அதையும் ஒரு சிறப்பாகத்தான் சொன்னார்.

சில மாதங்களிலேயே வண்டி சொல்ல ஆரம்பித்துவிட்டது. அக்காவை அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் இறக்கிவிடப் போகும்போது முதல் தடவை பிரேக்கை மிதித்ததும் டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு வந்தது. சின்னதாக ஒரு கார் படம், அதன் பின்பக்கம் கோடு கோடாக ஒளி. பிரேக் லைட் எரியவில்லை என்று அர்த்தம். அன்று சாயங்காலமே சோதனை ஆரம்பமாயிற்று.

அவர் சோதனை செய்யும் விதத்தை நான் மாடி ஜன்னலிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முதலில் டிக்கியைத் திறப்பார். டூல்ஸ் பெட்டி அதற்குள்தான் இருந்தது. பல்பைக் கழற்றி மாட்டுவதும் மூடியின் உள்பக்கம் வழியாகத்தான். மூடி நிமிர்ந்து நிற்கும். அக்காவைப் பின்னால் நிறுத்துவார். பிறகு தான் போய் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார்.

"எரியுதா?"

"எரியுது."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

இறங்கி வந்து, "பாத்தியா, லைட்ல ஒண்ணுமில்ல. வார்னிங்லதான் கோளாறு" என்பார். டிக்கியை மூடுவார். மறுநாள் காலையில் மஞ்சள் விளக்கு வந்து நிற்கும்.

முதலில் பல்புகளை மாற்றினார். மஞ்சள் விளக்கு போகவில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். எது எங்கே இருந்தது என்று மறந்துபோய், மறுபடி மாட்டியபோது ரேடியோ செத்துப்போனது. "ரேடியோ கேட்டுட்டு வண்டி ஓட்டறது தப்பு" என்று அதற்கு ஒரு நியாயம் சொன்னார். அப்புறம் பிரேக் மிதிக்கு மேலே இருக்கிற ஸ்விட்ச். மிதித்தால் அதுதான் விளக்குக்குக் கரண்டை அனுப்பும் என்று எங்கோ வீடியோவில் பார்த்திருக்கிறார். தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே விட்டு, காலைச் சீட்டின் மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத் திருகினார். திருகி முடித்தபோது மிதிக்காமலேயே ஸ்விட்ச் கரண்டை அனுப்பிக்கொண்டிருந்தது. டிக்கி திறந்தே கிடந்ததால் பின் விளக்குகள் வானத்தைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்தன. அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எழுந்து வந்து பார்த்தபோது பேட்டரியில் உயிர் இல்லை. ஸ்விட்சைப் பழையபடியே திருகி வைத்துவிட்டு, தெருவில் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தள்ளினார். தள்ளினவர்களுக்கும் அந்த மாடலின் பெருமையைச் சொன்னார்.

தெருமுனையில் ஓர் எலக்ட்ரீஷியன் கடை இருந்தது. கார், லாரி வயரிங் வேலை மட்டுமே செய்கிற கடை. "அங்க ஒரு தடவ காட்டிடுங்களேன்" என்று அக்கா சொன்னாள்.

"அவனுக்கு என்ன தெரியும்? ஒரு வயரைத் தொட்டா பத்து வயரை அறுத்துடுவான்."

"ஏங்க, நான் ஒண்ணு கவனிச்சேன்" என்றாள் அக்கா. நான் அப்போது கீழேதான் உட்கார்ந்திருந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "சாயங்காலம் நீங்க வண்டிய உள்ள விடும்போது பின்னாடி கேட்டு மேல சிவப்பு வெளிச்சமே விழறதில்ல. ஆனா டிக்கிய தொறந்து வச்சு மிதிச்சா எரியுது. மூடி வச்சா எரியல போலருக்கு."

அவர் சிரித்தார். என்னைப் பார்த்து, "கேட்டியாம்மா உங்கக்கா கண்டுபிடிப்ப" என்றார். பிறகு அவளிடம் திரும்பி, "டிக்கி மூடிக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்? ஃபிரிட்ஜுன்னு நெனச்சியா, தொறந்தா எரியறதுக்கு?" என்றார்.

அக்கா கீரைத் தண்டைத் தனியாக ஒதுக்கினாள். அவளுக்கு வந்த சந்தேகத்தைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். டிக்கியை மூடிவிட்டு ஒரு தடவை மிதித்துப் பார்த்தால் தீர்ந்தது. அதை அவர் செய்யவில்லை. ஜோக் நன்றாக வந்துவிட்டதல்லவா, அதற்குப் பிறகு செய்ய மனம் வருமா? இரண்டு நாளைக்கு அந்த ஃபிரிட்ஜ் ஜோக்கைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் எல்.இ.டி. பல்புகள் வந்தன. பழைய பல்பு கரண்டை அதிகம் தின்கிறது, அதனால்தான் வண்டி குழம்புகிறது என்பது புதுக் கண்டுபிடிப்பு. மாட்டியதும் நிலைமை இன்னும் மோசம். இதுவரை டிக்கி திறந்திருக்கும்போதாவது மஞ்சள் விளக்கு வராமலிருந்தது. இப்போது எப்போதும் வந்தது. அந்தப் பழைய வண்டி, விளக்குக்குப் போகிற கரண்டின் அளவைப் பார்த்துத்தான் பல்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறது. எல்.இ.டி. மிகக் கொஞ்சமாகவே எடுக்கும். வண்டி அதைச் செத்த பல்பு என்று நினைத்துக்கொள்ளும். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அவருக்கு அப்போதே தெரிந்தது, ஏனென்றால் அதற்கும் ஒரு வீடியோ இருந்தது. அந்த வீடியோவே மருந்தும் சொன்னது.

மருந்தை விற்றவர் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டிக்கொடுக்கிற ஒரு கடைக்காரர். விரல் நீளத்தில் தங்க நிறத்தில் ஒரு ரெசிஸ்டர். அதை வயரில் இணைத்துவிட்டால் அது சும்மா உட்கார்ந்து கரண்டைத் தின்று சூடாகும். வண்டி அதைப் பார்த்து, பல்பு நன்றாக எரிகிறது போல என்று நம்பிவிடும். "இதப் போட்டீங்கன்னா டாஷ்போர்டு வாய மூடிக்கும் சார்" என்றாராம் கடைக்காரர். பின்னால் விளக்கு எரிகிறதா என்று அவரும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் விற்கிறவருக்கு எதற்கு அந்தக் கவலை? இரண்டு பேரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு பிரிந்திருக்கிறார்கள்.

நிபுணர் அதை டிக்கிக்குள், வயர் மூடிக்கு ஏறுவதற்கு முன்னால் இருந்த இடத்தில் இணைத்து, கறுப்பு டேப்பால் சுற்றினார். வண்டியை ஸ்டார்ட் செய்து மிதித்தார். மஞ்சள் விளக்கு வரவில்லை. டிக்கியை மூடி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். அப்போதும் வரவில்லை. திரும்பும் வழியில் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். மாடிப்படியில் நின்று என்னையும் கூப்பிட்டார்.

"போயே போச்சு" என்றார் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தபடி.

"லைட் எரியுதா?" என்று கேட்டாள் அக்கா.

"வார்னிங் போயிடுச்சுங்கறேன்."

"அதில்ல. லைட்டு."

"வார்னிங் இல்லன்னா லைட் எரியுதுன்னுதானே அர்த்தம்? அதுக்குத்தானே அது இருக்கு?"

மகள் ஸ்பூனை நக்கிக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள். "மூடி வச்சு ஒரு தடவ மிதிங்கப்பா. நான் பின்னாடி நின்னு பாக்கறேன்" என்றாள்.

"ஐஸ்கிரீம் உருகுது, சாப்பிடு" என்றார்.

அவள் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் அவரோடு மல்லுக்கு நின்று அலுத்துப்போயிருந்தது. அந்த அலுப்பைத்தான் அவர் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் ஆரம்பமாகியிருந்தது. ஒரு நாள் காலையில் அக்காவை மருந்துக் கடைக்குக் கூட்டிப்போனார். மகளும் அதே நேரத்தில் ஸ்கூட்டரில் குளத்துக்குக் கிளம்பினாள். கடை வரைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே வழி. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ரோடு வழுக்கல். கடைத்தெருவுக்குள் திரும்பியதும் தண்ணீர் கேன்களை ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை அழுத்தி மிதித்தார். வண்டி நின்றது. பின்னாலிருந்து டமால் என்று ஒரு சத்தம். அக்காவின் தலை முன்னால் போய் வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரு சொல்கூட மாறாது. நிபுணர் இறங்கிப் பின்னால் போனார். மகள் ரோட்டில் இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டுக்குள் முகம் வெளுத்திருந்தது. ஸ்கூட்டர் பக்கத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டு கிடந்தது. அவர் குனிந்தார். குனிந்து, டிக்கி மூடியில் விழுந்திருந்த நசுங்கலைக் கையால் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மகளிடம் திரும்பினார்.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன், இடைவெளி விட்டு வான்னு."

கேன் வண்டிக்காரர்தான் அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்.

செய்தி கேட்டு என் பல் மருத்துவமனையிலிருந்து அவளைச் சேர்த்திருந்த மருத்துவமனைக்கு ஓடினேன். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்தது. நகர்ந்திருப்பதால் தகடு வைத்துத் திருக வேண்டும் என்றார்கள். மாதக்கணக்கில் தண்ணீரில் இறங்கக் கூடாது. அவள் கேட்ட ஒரே கேள்வி, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான். அவசரப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் நிபுணர் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவரிடம் ஸ்கூட்டர்களின் பிரேக்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்தார். நடுத்தர வயதுப் பெண். மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டார்.

"இடைவெளி விடாம வந்துடுச்சும்மா. என் பொண்ணுதான், இருந்தாலும் தப்பத் தப்புன்னுதான் சொல்லணும்" என்றார் நிபுணர். சொல்லிவிட்டு, நேர்மையான மனிதர் என்று யாராவது பாராட்டுவார்கள் என்பது போல் சுற்றிலும் பார்த்தார்.

"உங்க பிரேக் லைட் எரியலன்னு அந்தப் பொண்ணு சொல்லுதே."

"அதெல்லாம் கண்டிஷன்ல இருக்கும்மா. நானே வேலை பாத்த வண்டி. டாஷ்போர்டுல ஒரு வார்னிங் கூட கிடையாது. வேணும்னா இவங்களக் கேளுங்க. கூடவேதான் வந்தாங்க. எத்தனையோ தடவ பின்னாடி நின்னு பாத்துச் சொல்லியிருக்காங்க."

காவலர் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரோரமாக நின்றிருந்தாள். மகளின் ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தாள். அதன் கண்ணாடியிலிருந்த சேற்றைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"தொறந்திருந்தா எரியும்ங்க. மூடியிருந்தா எரியாது."

"எது?"

"டிக்கிங்க. இவருகிட்ட சொன்னேன். சிரிச்சாரு."

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அவரைப் பார்க்கவுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தவள்.

"அவ பயத்துல ஒளர்றா" என்றார் நிபுணர்.

"வண்டி எங்க?" என்று கேட்டார் காவலர்.

கார் மருத்துவமனை வளாகத்திலேயே மரத்தடியில் நின்றது. ஆட்டோவுக்குப் பின்னால் அவர் அதை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். காவலர் அவரை உள்ளே உட்கார்ந்து மிதிக்கச் சொன்னார். நாங்கள் பின்னால் நின்றோம். ஒன்றும் எரியவில்லை. மறுபடி மிதிக்கச் சொன்னார். நசுங்கிய மூடியில் மழைநீர்தான் வழிந்தது.

"பகல் வெளிச்சத்துல தெரியாது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அக்கா போய் டிக்கியைத் தட்டித் திறந்தாள். மூடி முனகிக்கொண்டே மேலே எழுந்தது. பாதி தூரம் போனதும் இரண்டு விளக்குகளும் பளீரென்று எரிந்தன. எல்.இ.டி. என்பதால் கண் கூசியது. நிபுணர் கண்ணாடியில் எதைப் பார்த்தாரோ, வேகமாக இறங்கி வந்தார்.

"பாத்தீங்களா? எரிஞ்சுதுல்ல?"

காவலர் நோட்டை எடுத்தார். "டிக்கிய தொறந்து வச்சுக்கிட்டுத்தான் ஓட்டுவீங்களா சார்?" என்று கேட்டார்.

மரத்தடியில் ஒதுங்கி நின்ற ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். நிபுணர் வாயைத் திறந்து மூடினார். அவர் பதில் சொல்லாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் நீடிக்கவில்லை. காவலர் எழுதி முடிப்பதற்குள், அந்த மாடலின் தயாரிப்பிலேயே இருக்கிற குறை என்று ஒன்றைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இத்தனை நாள் பெருமையாகச் சொன்ன அதே மாடல்.

விபத்துக்குக் காரணம் வண்டியின் கோளாறு என்று பதிவாயிற்று. அவருடைய லைசென்ஸைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தார்கள். தெருவில் அவர் சொன்னது வேறு. "கண்ணுக்கு ரெஸ்ட் குடுக்கலாம்னு நானே ஓட்டறத நிறுத்திட்டேன்" என்றார். யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஃபிரிட்ஜ் ஜோக்கை இப்போது அவரிடமே திருப்பிச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். கடைக்குப் போனால், "என்ன சார், தொறந்து வச்சிருக்கீங்களா, மூடி வச்சிருக்கீங்களா?" என்பார்கள். அவருக்கு அது விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அக்கா தெருமுனை எலக்ட்ரீஷியன் கடைப் பையனைக் கூப்பிட்டு வண்டியை அங்கே ஓட்டிப்போகச் சொல்லி, தானும் போனாள். நிபுணரும் கூடவே போனார். நானும் போயிருந்தேன், வேடிக்கை பார்க்க. எலக்ட்ரீஷியன் ஒன்றும் மேதை இல்லை. சிடுமூஞ்சி. போனில் யாரையோ திட்டிக்கொண்டே வேலை செய்தார். டிக்கி மூடி வண்டியோடு சேருகிற கீலுக்குப் பக்கத்தில் வயர்களெல்லாம் ஒரு ரப்பர் குழாய்க்குள் போகும். அந்த ரப்பரைப் பின்னுக்குத் தள்ளினார். உள்ளே ஒரு வயர் அறுந்து, முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி பல வருஷமாக ஒரே இடத்தில் மடங்கியதில் உள்ளே கம்பி ஒடிந்துவிட்டது. மூடி மேலே போனால் இரண்டு முனைகளும் முட்டிக்கொள்ளும், விளக்கு எரியும். மூடினால் விலகிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

"பழைய வண்டின்னா மொதல்ல இங்கதான் பாக்கணும்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"நானும் இங்கதான் சந்தேகப்பட்டேன்" என்றார் நிபுணர்.

எலக்ட்ரீஷியன் கொஞ்சம் நீளமான புது வயரைச் சேர்த்துப் பற்றவைத்து, குழாயை மறுபடி இழுத்துவிட்டார். கறுப்பு டேப்பைப் பிரித்தபோது ரெசிஸ்டர் வெளியே வந்தது. அதன் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் உருகி, டிக்கியின் விரிப்பில் வட்டமாகக் கருகியிருந்தது. "இத எந்த முட்டாள் மாட்டினான்? வண்டி ஒழுங்காத்தானே சொல்லிட்டிருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஸ்பீக்கர் கடைக்காரன்" என்றார் நிபுணர் கொஞ்சமும் தயங்காமல்.

பழைய பல்புகளையே மாட்டச் சொல்லிவிட்டு அக்கா கையை நீட்டினாள். வண்டியின் சாவி அன்றிலிருந்து அவளிடம்தான் இருக்கிறது. மருந்துக் கடைக்கு எதிரிலிருந்த டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் பரீட்சையில் தோற்றாள், அடுத்ததில் தேறினாள். இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கியர் எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருகிறார். அவள் கேட்பதில்லை. ஒரு நாள் பேச்சு அதிகமானபோது ஓரமாக நிறுத்தி, "எறங்கி பஸ்ல வாங்க" என்றிருக்கிறாள். பஸ்ஸில்தான் வந்தார். பஸ் டிரைவர் ஓட்டிய விதம் சரியில்லை என்றார்.

மகள் ஆபரேஷனுக்குப் பிறகு கீழே போகவில்லை. என்னோடு மாடியிலேயே இருந்தாள். அப்பா மேலே வந்தால் போர்வையை இழுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அவர் கட்டில் பக்கத்தில் நின்று, தகட்டை இன்னும் ஒரு இன்ச் தள்ளி வைத்திருக்க வேண்டும், டாக்டருக்குக் கை பழக்கமில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். ஒரு தடவைகூட வலிக்கிறதா என்று கேட்டதில்லை. கேட்டால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டுமே. காரணத்தைத் தேடிக்கொண்டு போனால் எங்கே போய் நிற்கும் என்று அவருக்கும் அடிமனதில் தெரிந்திருக்கலாம். அப்படி நினைத்து இரக்கப்பட நானும் முயன்றேன். முடியவில்லை.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் தோள் பழையபடி திரும்பவில்லை. இடது கையை முழுசாக மேலே தூக்க வராது. குளத்தில் அவளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். தண்ணீருக்குள் நின்று சொல்லிக்கொடுப்பதைவிட இப்போது கரையில் விசிலோடு நடப்பதுதான் அதிகம். பிள்ளைகள் போன பிறகு தனியாக இறங்கி மெதுவாக நீந்திப் பழகுவாள்.

சென்ற வாரம் அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். படிக்கட்டு வரிசையில் நிபுணர் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே வருவது எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியுமா என்று தெரியவில்லை. தனியாக, கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய வலது கை தண்ணீரை நன்றாக வெட்டியது. இடது கை பாதியில் சரிந்து விழுந்தது. ஒவ்வொரு தடவை அது விழும்போதும் அவருடைய தோளும் லேசாக இறங்கியது. நான் சத்தமில்லாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, இந்த மனிதர் ஏதோ ஒரு வார்த்தை சொல்லப்போகிறார், அதைக் கேட்க நான் இங்கே இருக்கிறேன் என்று தோன்றியது. காத்திருந்தேன்.

அவர் கண்ணை எடுக்காமலே பேசினார்.

"எடது கைய இன்னும் கொஞ்சம் வெளிய வளைச்சுப் போடணும். சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குது."

அவருக்கு நீச்சல் தெரியாது. நான் எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு குளத்தின் அந்தக் கரைக்குப் போனேன்.